வீட்டுக் காற்றுப் பம்பி: அறிகுறியிலிருந்து பிழையை அறிதலும் பொருத்தமானதைத் தெரிவு செய்தலும்

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில், பழுதாகிவிட்டது என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்படும், டயருக்குக் காற்றடிக்கும் சிறிய மின் பம்பிகளில் உண்மையாகவே பழுதடைந்தவை மிகச் சிலவே. மற்றவை தம்மால் இயலாத வேலைக்கு வாங்கப்பட்டவையாகவோ, போதிய மின்சாரம் கிடைக்காதவையாகவோ, வால்வுடன் சரியாகப் பொருந்தாதவையாகவோ இருக்கின்றன. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் "150 பி.எஸ்.ஐ." (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்னும் அழுத்த அலகு) என்ற ஒரே எண்ணை நம்பி வாங்குவதுதான் இதற்கு முதற் காரணம். அந்த எண் பம்பி எட்டக்கூடிய உச்ச அழுத்தத்தைச் சொல்கிறதேயன்றி, அது நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் காற்றைத் தரும், எவ்வளவு நேரம் ஓய்வின்றி ஓடும், எத்தனை அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும் என்பவற்றில் எதையும் சொல்வதில்லை. வீட்டுப் பாவனையில் நம்மைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் இந்த மூன்றும்தான்.

ஆகவே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் அதன் காரணத்தையும் நிவர்த்தியையும் எழுதி, புதிதாக வாங்குபவர் அதிலிருந்து எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் அவ்விடத்திலேயே சேர்த்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் சிறிய ஹைபிரிட் கார்களில் பலவற்றுக்கு மேலதிகச் சக்கரம் கிடையாது. அதற்குப் பதிலாக, பின்பக்கப் பொருள் வைக்கும் இடத்தின் தரைப்பலகைக்குக் கீழே, டயரின் துளையை அடைக்கும் ஒட்டும் திரவப் போத்தலுடன் 12 வோல்ட் பம்பி ஒன்றும் வைக்கப்பட்டிருக்கும். வருடக்கணக்காகக் காரை ஓட்டுபவர்களில் பலருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. புதிதாக ஒன்றை வாங்கப் புறப்படுமுன் அந்தப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். திரவப் போத்தலின் காலாவதித் திகதி கடந்திருக்கலாம். ஆனால் பம்பி பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும், போத்தலைச் சேர்க்காமலே அதனால் நேரடியாகக் காற்றடிக்கலாம்.

செருகியும் எந்த அசைவும் இல்லை

காரின் 12 வோல்ட் துவாரத்தில் செருகும் வகையாயின், முதலில் சாவியை எந்த நிலையில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பல கார்களில் சாவியை ஒரு படி திருப்பினால்தான் அந்தத் துவாரத்துக்கு மின்சாரம் வரும். பிறகு கைத்தொலைபேசிச் சார்ஜரை அதே துவாரத்தில் செருகிப் பாருங்கள். அது வேலை செய்து பம்பி வேலை செய்யாவிட்டால், பம்பியின் செருகியினுடைய முனையைத் திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலான செருகிகளுக்குள் சிறு கண்ணாடிப் பியூஸ் ஒன்று இருக்கும், அதன் கம்பி அறுந்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

தொலைபேசிச் சார்ஜரும் வேலை செய்யவில்லை என்றால் காரின் பியூஸ் போயிருக்கிறது. துவாரத்தின் மூடியில் "12 வோல்ட், 120 வாட்" என்று எழுதியிருந்தால் அது 10 அம்பியரை மட்டுமே தாங்கும் என்று பொருள். 12 அம்பியர் முதல் 15 அம்பியர் வரை இழுக்கும் பெரிய பம்பியை அதில் செருகினால் பியூஸ் எரிவது இயல்பானதே. அதற்காக 20 அம்பியர் பியூஸைப் போட்டு ஓட்டுவது, பியூஸ் காக்க வேண்டிய கம்பியையே பியூஸாக்குவதாகும். உரிய பியூஸைத் திரும்பப் போட்டுவிட்டு, பம்பியை மாற்றுங்கள், அல்லது கவ்விகளால் நேரடியாகக் கார்ப் பற்றரியில் இணைக்கும் வகையை எடுங்கள். வாங்கும்போது பம்பியின் அடியில் எழுதியிருக்கும் அம்பியர் அளவும் உங்கள் துவாரத்தின் அளவும் ஒத்துப்போகின்றனவா என்பதை முதலில் பாருங்கள்.

கடற்கரைக்கு அண்மையில் வசிப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. காலி வீதியின் கடற்பக்கத்தில், உப்புக் காற்று நாளெல்லாம் வீசும் வீடுகளில், செருகியின் முனைத் தகட்டிலும் காரின் துவாரத்துக்குள்ளும் பச்சைக் களிம்பு ஏறிவிடுகிறது. பம்பி விட்டுவிட்டு ஓடினாலோ, செருகியை அசைத்தால் மட்டும் ஓடினாலோ, மெல்லிய உப்புத்தாளால் முனையைத் தேய்த்துத் துடைப்பதே போதுமானது. துவாரத்துக்குள் கம்பியையோ திருப்புளியையோ விட்டுச் சுரண்ட வேண்டாம்.

வீட்டுக்குள்ளேயே பயன்படுத்துவதற்காக, 12 வோல்ட் பம்பியை வைஃபை ரவுட்டரின் சார்ஜரில் இணைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் 12 வோல்ட் என்பது உண்மைதான். ஆனால் ரவுட்டரின் சார்ஜர் தருவது ஒன்று அல்லது இரண்டு அம்பியர், பம்பி கேட்பதோ பத்து. மோட்டார் ஒரு தடவை முனகிவிட்டு நின்றுவிடும். 230 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றும் கருவியை வாங்குவதானால் அதில் குறைந்தது பம்பியின் அம்பியர் அளவாவது எழுதியிருக்க வேண்டும்.

பற்றரிப் பம்பி சார்ஜ் ஏறவில்லை

இந்த ஒரு முறைப்பாட்டுக்காகவே நல்ல பம்பிகள் பல திருப்பிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. பம்பியில் டைப்-சி துவாரம் இருக்கும், வீட்டிலுள்ள புதிய தொலைபேசிச் சார்ஜரும் இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளையே கொண்டிருக்கும், செருகினால் விளக்கு எரியாது. காரணம் பற்றரியில் இல்லை. அத்தகைய சார்ஜர் மறுமுனையில் ஒரு கருவி இருப்பதை, அதற்குள் இருக்கும் சிறிய மின்தடை ஒன்றின் மூலமே அறிந்துகொள்கிறது. விலை குறைந்த பல பம்பிகளில் அந்த மின்தடை பொருத்தப்படுவதில்லை, அதனால் சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடுவதே இல்லை. பழைய தட்டையான யூ.எஸ்.பி. முனை கொண்ட சார்ஜரை எடுத்து, பம்பியுடன் வந்த கேபிளையே பயன்படுத்திப் பாருங்கள். பெரும்பாலும் உடனே விளக்கு எரியும்.

அதன் பிறகும் எரியாவிட்டால், எத்தனை மாதம் சார்ஜ் செய்யாமல் வைத்திருந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். லித்தியம் பற்றரி சும்மா இருக்கும்போதும் மெல்ல மெல்ல வடியும். முழுவதும் வடிந்துவிட்டால் அதன் பாதுகாப்புச் சுற்று மீண்டும் சார்ஜ் ஏற விடாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து, அரைவாசிக்கு மேல் ஏற்றிவைப்பது நல்லது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் இந்தப் பம்பியை விட்டுவைப்பதைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். காலிமுகத்திடலில் நண்பகலில் கண்ணாடிகளை மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். லித்தியம் பற்றரியைப் பொதுவாக 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, அந்தச் சூட்டில் வைத்திருப்பதும் அதன் ஆயுளைத் தின்றுவிடும். பம்பியின் உடல் வீங்கியிருந்தாலோ, மூடியின் பொருத்து விரிந்திருந்தாலோ, இனிப்பு கலந்த இரசாயன வாடை வீசினாலோ அதைச் சார்ஜ் செய்யாமல், அழுத்தாமல், வீட்டுக்கு வெளியே எரியும் பொருட்கள் இல்லாத இடத்தில் வையுங்கள். வழமையான குப்பையுடன் அதைச் சேர்க்க வேண்டாம். எப்போதும் காருக்குள்ளேயே இருக்க வேண்டிய பம்பி என்றால் பற்றரி இல்லாத 12 வோல்ட் வகையே நம் காலநிலைக்கு உகந்தது என்பது என் உறுதியான கருத்து. பற்றரி வகை வீட்டு அலுமாரியில் இருக்கட்டும்.

மோட்டார் ஓடுகிறது, டயர் நிரம்பவில்லை

இங்கேதான் மிகுந்த பொறுமை வேண்டும், ஏனெனில் பிழை பெரும்பாலும் பம்பியில் இல்லை, வால்வில் இருக்கிறது.

கார், மோட்டார் சைக்கிள், ஓட்டோ ஆகியவற்றில் இருப்பது நடுவில் சிறு ஊசியுள்ள வால்வு. பம்பியின் தலை அந்த ஊசியை அழுத்தினால்தான் காற்று உள்ளே போகும். நெம்பும் தலையாயின் அதை வால்வின் மேல் அடி வரை அழுத்திய பிறகே நெம்பை மடக்க வேண்டும். திருகும் தலையாயின் கடைசிச் சுற்று வரை திருக வேண்டும். பாதியில் நின்றால் பக்கவாட்டில் காற்று சீறும், அல்லது ஊசி அழுந்தாமல் அழுத்தமானி ஒரு நொடியில் 40, 50 என்று ஏறிப் பம்பி தானாகவே நின்றுவிடும். டயரோ தட்டையாகவே கிடக்கும்.

அண்மையில் மேல்மாடியில் வசிக்கும் ஐயா ஒருவர் தம் பேரனின் சைக்கிளையும் புதுப் பம்பியையும் கீழே கொண்டுவந்து, "தம்பி, 150 வரைக்கும் போகும் எண்டு சொல்லித்தான் தந்தவை, இது பத்துச் செக்கனிலயே நிண்டுபோகுது" என்றார். சைக்கிளில் இருந்தது நம் ஊரின் பழைய நிமிர்ந்த சைக்கிள்களில் காணப்படும் வால்வு. அதன் உள்ளே உலோகத் தண்டின் பக்கத்துளையை மூடியபடி மெல்லிய இறப்பர்க் குழல் ஒன்று போர்த்தியிருக்கும். காற்று அந்த இறப்பரைத் தள்ளி விரித்துக்கொண்டு உள்ளே போகுமேயன்றி, உள்ளிருக்கும் காற்று பம்பியின் பக்கம் திரும்பி வருவதில்லை. ஆதலால் பம்பியின் அழுத்தமானியால் டியூபின் அழுத்தத்தை அறியவே முடியாது. அது காட்டுவது ஹோஸுக்குள் தேங்கி நிற்கும் அழுத்தத்தை மட்டுமே. நாங்கள் வால்வைக் கழற்றிப் பார்த்தபோது இறப்பர் வெயிலில் காய்ந்து தண்டோடு ஒட்டிப்போயிருந்தது. புதிய இறப்பரை எச்சில் தொட்டு ஏற்றி, பம்பியின் எல்லையை 60 ஆக உயர்த்தி, பெருவிரலால் டயரை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே அடித்தோம். இரண்டு நிமிடத்துக்குள் சைக்கிள் ஓடியது. இத்தகைய வால்வுக்குத் தானாக நிற்கும் வசதியால் பயனில்லை, விரல்தான் அழுத்தமானி.

பந்தயச் சைக்கிள்களின் ஒல்லியான வால்வில் வேறொரு காரியம் செய்ய வேண்டும். நுனியிலுள்ள சிறிய திருகை முதலில் தளர்த்தி, விரலால் ஒரு தடவை தட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்த பின்பே இணைப்புத் துண்டைப் பொருத்த வேண்டும். பம்பி வாங்கும்போது உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொரு வால்வுக்கும் பொருந்தும் துண்டு பெட்டிக்குள் இருக்கிறதா என்பதையும், பந்துக்கான ஊசி இருக்கிறதா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நடுவில் நின்றுவிடுகிறது, தொட முடியாமல் சுடுகிறது

சிறிய பம்பிகள் யாவும் உந்துதண்டு ஒன்றை மேலும் கீழும் ஓட்டிக் காற்றை நெரிப்பவை. நெரிபடும் காற்று சூடாகும் என்பது இயற்கை. ஹோஸின் முனையிலுள்ள பித்தளைத் தலை ஐந்து நிமிடத்தில் விரலைச் சுட்டுவிடும், கழற்றும்போது துணியால் பிடியுங்கள். பத்து நிமிடம் ஓடினால் அதே அளவோ அதற்கு மேலோ ஆறவிட வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. நடுவில் தானாக நின்றது பழுதல்ல, காவல். எரிந்த வாடையோ புகையோ வந்தால் மட்டும் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, மறுபடி ஓட்டாமல் விடுங்கள்.

எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் பம்பியின் மீது நியாயமற்ற கோபம் வராது. சிறிய காரின் டயருக்குள் ஏறக்குறைய 27 லீற்றர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்திருக்கும் டயரை 28 இலிருந்து 33 பி.எஸ்.ஐ.க்கு உயர்த்துவதற்கு வெளிக்காற்றில் ஒன்பது, பத்து லீற்றரே தேவை. நிமிடத்துக்கு 15 லீற்றர் தரும் பம்பிக்கு அது ஒரு நிமிட வேலை. முற்றாகத் தட்டையான டயரை நிரப்புவதற்கோ 60 லீற்றருக்கு மேல் வேண்டும். கணக்குப்படி நான்கு நிமிடம்தான். ஆனால் எதிரழுத்தம் ஏற ஏறப் பம்பியின் வேகம் குறைவதால் நடைமுறையில் ஆறு முதல் எட்டு நிமிடம் எடுக்கும். நான்கு டயரையும் ஒரே மூச்சில் நிரப்ப நினைப்பவருக்குச் சிறிய பம்பி போதாது.

பற்றரி வகையில் இதனோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் மில்லிஅம்பியர் மணி எண்ணில் ஏமாற வேண்டாம். 6000 என்று எழுதியிருந்து, அது ஒரு கலத்தின் 3.7 வோல்ட்டில் கணக்கிடப்பட்டதாயின், உள்ளே இருப்பது 22 வாட் மணித்தியாலம் மட்டுமே. 100 வாட் இழுக்கும் மோட்டாருக்கு அது பதின்மூன்று நிமிட உணவு. வாட் மணித்தியாலத்தை வெளிப்படையாக எழுதியிருக்கும் பம்பியையே நான் தெரிவு செய்வேன்.

12 வோல்ட் வகையை நீண்ட நேரம் ஓட்டும்போது கார்ப் பற்றரி இறங்காமலிருக்க எஞ்சினை ஓடவிடச் சொல்வார்கள். திறந்த வெளியில் அது சரி. தொடர்மாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலோ, கதவு மூடிய கராஜிலோ அப்படிச் செய்வது உயிராபத்து, புகையிலுள்ள காபன்மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பம்பி ஒன்று காட்டுகிறது, பெற்றோல் நிலையம் இன்னொன்று காட்டுகிறது

முதலில் அலகைப் பாருங்கள். ஒரே டயரின் அழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்றும், 2.3 பார் என்றும், 230 கிலோபாஸ்கல் என்றும் எழுதப்படலாம். ஜப்பானியக் கார்களில் சாரதிக் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எழுத்து ஜப்பானிய மொழியில் இருந்தாலும், 230 போன்ற எண்ணும் அதன் பக்கத்தில் 2.3 போன்ற எண்ணும் இருக்கும். முதலாவது கிலோபாஸ்கல், இரண்டாவது சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோகிராம். முதல் எண்ணை ஏழால் வகுத்தால் ஏறக்குறைய பி.எஸ்.ஐ. கிடைத்துவிடும். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்ப வேண்டிய அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலதிகமாக வரும் ஒல்லியான தற்காலிகச் சக்கரம் மட்டும் விதிவிலக்கு, அதற்குப் பெரும்பாலும் 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ. வேண்டும்.

அலகில் தவறுவதன் விலையை நான் அறிவேன். மருமகனின் உதைபந்துக்குக் காற்றடிக்க 9 என்று வைத்தேன். பம்பியோ முந்திய நாளில் பார் அலகுக்கு மாற்றப்பட்டிருந்தது. உதைபந்து விதிகளின்படி பந்துக்கு 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை போதும், 9 பார் என்பதோ 130 பி.எஸ்.ஐ. பந்தின் ஒரு பக்கம் முட்டையைப் போலப் புடைத்ததைக் கண்டு நான் ஊசியை இழுப்பதற்குள் தையல் விட்டுவிட்டது. பிள்ளையின் முகம் இன்றும் நினைவில் நிற்கிறது. அலகு எழுத்துப் பெரிதாகத் தெரியும் திரையும், பந்து, சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார் என்று தனித்தனியாக நினைவில் வைக்கும் வசதியும் ஆடம்பரமல்ல.

அலகு சரியாக இருந்தும் வேறுபாடு வந்தால், டயர் சூடாக இருந்ததா என்று யோசியுங்கள். வெப்பம் ஐந்து, ஆறு பாகை கூடினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஓடிவந்து இறங்கியவுடன் அளந்ததையும், மறுநாள் காலையில் வீட்டில் அளந்ததையும் ஒப்பிட முடியாது. காலையில், வண்டி எடுப்பதற்கு முன் அளப்பதே முறை, பம்பி வீட்டில் இருப்பதன் பெரிய நன்மையும் இதுதான். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியும் எண் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், நிறுத்திய பின் தெரிவதையே எழுதிக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது காற்றுப் போகிறது

திருகும் தலையைக் கழற்றும் கணத்தில் சிறிது சீறுவது இயல்பு. கார் டயரில் அது பொருட்படுத்தத் தக்கதல்ல, சைக்கிளில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறையலாம். அதற்கேற்ப எல்லையைச் சற்றுக் கூட்டி வைத்து, ஒரே மூச்சில் விரைவாகத் திருகிக் கழற்றுங்கள். கழற்றிய பின்பும் சீற்றம் நிற்கவில்லை என்றால் வால்வின் வாயில் சவர்க்கார நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளூசி தளர்ந்திருக்கிறது. அதை இறுக்கும் சிறு சாவியும் புதிய ஊசிகளும் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். வால்வில் குமிழி இல்லாமல் இரண்டு நாளைக்கு ஒரு தடவை காற்று இறங்கினால் அது பெரும்பாலும் ஆணி, பம்பியை மறந்துவிட்டு ஒட்டுப்போடுபவரிடம் போங்கள்.

காற்று மெத்தை நிரம்பவே இல்லை

இருவர் படுக்கும் காற்று மெத்தைக்குள் 400 முதல் 500 லீற்றர் வரை காற்று கொள்ளும், ஆனால் அழுத்தம் மிகக் குறைவு. நிமிடத்துக்கு 15 லீற்றர் தரும் டயர்ப் பம்பி அதை நிரப்ப அரை மணித்தியாலம் ஓட வேண்டும், அதற்குள் எரிந்துவிடும். மெத்தைக்கும் பிள்ளைகளின் மிதவைக்கும் விசிறியால் காற்றை ஊதும் பம்பி வேறாக உண்டு, அதனால் டயரை நிரப்ப முடியாது. இரண்டு வேலைக்கும் ஒன்று என்று விற்கப்படுவதை வாங்கினால், உள்ளே இரண்டு மோட்டார்கள் தனித்தனியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ வேறெங்கோ வாங்கும்போது, பணம் கொடுக்குமுன் கடைவாசலில் நிற்கும் ஏதாவதொரு மோட்டார் சைக்கிளின் டயரில் உரியவரின் அனுமதியுடன் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒரு கையில் பம்பியைப் பிடித்தபடி மறு கையால் தலையைப் பொருத்த முடிகிறதா, நிறுத்திய பின் எண் நிலைத்து நிற்கிறதா, ஹோஸ் வளையும் இடத்தில் வெடிப்பு உண்டா என்பவற்றைக் கண்ணால் காணலாம். உங்களிடம் தனியான பேனா அழுத்தமானி இருந்தால் அதையும் கொண்டுபோய், இரண்டும் ஒரு பி.எஸ்.ஐ.க்குள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பின்பே பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் வாங்குங்கள்.